கேட்காமலே விட்டது

என் அண்ணனுக்கு உட்காரத் தெரியாது. லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்தொரு வயதாகியும் தட்டைக் கையில் ஏந்தி நடந்துகொண்டேதான் சாப்பிடுவான். ஆறு வருடமாகப் படுக்கையில் இருக்கும் அப்பாவைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, மருந்து கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடுவான். நான் நாலு தெரு தள்ளி, கணவன், பிள்ளைகள் என்று இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டிப் பார்ப்பேன். அதோடு என் கடமை முடிந்தது.

போன வருடம் ஒரு பல் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பார்க்கப் போனவன், வரவேற்பு மேசையில் இருந்தவளிடம் மாட்டிக்கொண்டான். யாரோ ஒருவர் லிஃப்ட் பொத்தானை விடாமல் குத்திக்கொண்டிருந்தாராம். "ஒரு தடவ அழுத்தினா போதாதா?" என்று இவன் முணுமுணுக்க, "இதப் பாத்தா எனக்கும் பத்திக்கிட்டு வரும்" என்றாளாம் அவள். ஐயா விழுந்துவிட்டார்.

அதற்கப்புறம் தினமும் ஒரு சேதி. "ஸ்பீக்கர்ல போன் பேசுறவங்களக் கண்டா அவளுக்கும் ஆகாதாம்." "விசேஷ வீட்டுல அவளும் சாப்பிட்ட கையோட கிளம்பிடுவாளாம்." கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போனது.

ஆனால் அவளை எனக்கும் பிடித்திருந்தது. ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், மூன்று மணி நேரம் பேசினோம். "அடுத்தவங்களுக்காகவே ஓடிட்டிருந்தா நமக்குன்னு எப்ப வாழுறது?" என்றாள். "என் மனசுல இருக்குறத அப்படியே சொல்றீங்க" என்றேன்.

அண்ணனிடம் ஒரு பழக்கம் உண்டு. பழுது பார்த்து முடித்ததும் இரண்டு மூன்று மாடி ஏறி இறங்கிச் சத்தத்தைக் கேட்பான். அது சரியாக இருந்தால் மேல்மாடி வரை போக மாட்டான், பொறுமை கிடையாது. இதுவரை தப்பியதில்லை. அவள் விஷயத்திலும் அதையே செய்தான். இவ்வளவு ஒத்துப்போகிறவள் அப்பா விஷயத்தில் மட்டும் வேறா நினைக்கப்போகிறாள் என்று தானாகவே முடிவுகட்டிவிட்டான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தான், அப்பாவின் கட்டிலை ஜன்னலோரம் தள்ளி அவளுக்கு அலமாரி வைக்க இடம் பண்ணினான்.

போன ஞாயிறு நான் போனபோது வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தான்.

"முடியாதுன்னுட்டா."

"என்ன முடியாதாம்?"

"அப்பாவப் பாத்துக்க. அவ அம்மாவ எட்டு வருஷம் படுக்கையில வச்சுப் பாத்தாளாம். இன்னொரு தடவ அவளால ஆகாதாம். என்னப் பிடிச்சிருக்கு, ஆனா இந்த வீட்டுக்கு வர முடியாதுங்கிறா."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "வயசானவங்களப் பாக்க முடியாதவளுக்குக் குடும்பம் ஒரு கேடா? இப்பவே தெரிஞ்சுதே, விட்டுத்தள்ளு" என்று பொரிந்து தள்ளினேன்.

அவன் நின்றான். அவன் நிற்பதே அபூர்வம்.

"அவளத் திட்டாத. ஒண்ணுதான் கேட்டா. உங்க தங்கச்சி வீட்டுல அப்பா இருக்கக் கூடாதான்னு."

"நீ என்ன சொன்ன?"

"தங்கச்சிகிட்ட நான் அதக் கேட்டதே இல்லன்னு சொன்னேன்." என் பக்கம் திரும்பி, "இப்ப கேட்டா என்ன சொல்லுவ?" என்றான்.

உள்ளே அப்பா இருமினார். எனக்குள் பதில்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தன. ஒவ்வொன்றும் ஆறு வருடமாகத் தயாராக இருந்த பதில். "பசங்களுக்குப் பரீட்சை வருது... வீடும் சின்னது..." என்று இழுத்தேன்.

"சரி விடு" என்றான். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவளைப் பார்த்த அன்றே ஏன் அப்படி ஒட்டிக்கொண்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. அவன் அவளோடு ஒத்துப்போனதெல்லாம் சில்லறை விஷயத்தில். பெரிய விஷயத்தில் அவளோடு ஒத்துப்போனவள் நான். அவளாவது எட்டு வருடம் செய்துவிட்டு, முகத்துக்கு நேரே முடியாது என்றாள். நான் ஒரு நாள்கூடச் செய்யாமல், அந்த வார்த்தையைச் சொல்லவும் துணியாமல், அவளைத் திட்டிக்கொண்டு நிற்கிறேன்.