இடப்பக்க ஸ்டியரிங் வண்டி

யாங்கோனில் பேருந்தை விட்டு இறங்குகிறவன் நடுச்சாலையில் இறங்குகிறான். பெரும்பாலும் ஜப்பானில் ஓடித் தேய்ந்த வண்டிகள். நம் ஊர் போலவே ஸ்டியரிங் வலப்பக்கம், கதவு இடப்பக்கம். ஆனால் இங்கே சாலையில் வண்டி போவதும் வலப்பக்கமே. என்றைக்கோ அரசாங்கம் சாலையின் பக்கத்தை மாற்றியது, வண்டிகளை மாற்றவில்லை. வந்த முதல் வாரம், நம் ஆட்கள் கடை வைத்திருக்கும் பபேடான் பேட்டையில் கதவு திறந்ததும் காலை வைத்தேன். பின்னால் வந்த டாக்ஸி முழங்காலை உரசிக்கொண்டு நின்றது. டாக்ஸிக்காரர் கண்ணாடியை இறக்கித் திட்டினார். பேருந்துக்குள் இருந்தவர்கள் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். இந்த நகரம் எனக்கு வைத்த முதல் வணக்கம் அது.

ஒரு சுற்றுலாக் கம்பெனியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தவன் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள், ஆட்டோமொபைல் டிப்ளமோ. முதலாளி ஊ வின் என் பெயரைக் கற்றுக்கொள்ளவே இல்லை. 'இந்தியா' என்றுதான் கூப்பிடுவார். அந்தக் குளிர்காலத்தில் ஐரோப்பியர் நான்கு பேர், வடகோடி மலையில் கூடாரம் அடித்துப் பனிச்சறுக்கு ஆட வருவதாக இருந்தது. அவர்கள் விமானத்தில் போவார்கள். கூடாரம், அடுப்பு, ஆளுயரச் சறுக்குப் பலகைகள் எல்லாம் முன்கூட்டியே வண்டியில் போயாக வேண்டும். வண்டியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எங்கள் ராமநாதபுரம் பக்கம் பனி என்றால் மீன் பெட்டியில் கிடக்கும் ஐஸ்கட்டிதான். அப்படிப்பட்டவனைப் பனிமலைக்கு வண்டி பார்க்கச் சொன்னார்கள்.

லான்மடாவ் பேட்டையில் ஒரு டீக்கடையில் வண்டித் தரகர்கள் கூடுவார்கள். நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். விலையைக் கேட்டால் என் செருப்பைப் பார்ப்பார்கள். கடைசியில் ஒரு தரகர், நகரின் வடக்கோரம் ஷ்வேப்யிதாவில் ஒரு கொட்டகைக்குக் கூட்டிப்போய் இரண்டு வண்டிகளைக் காட்டினார். ஒன்று ஜப்பான் வேன். பனி கொட்டும் ஊரிலேயே ஓடியதாம். கூரையில் சறுக்குப் பலகை மாட்டும் கம்பிகள், நாலு சக்கரமும் இழுக்கும் எஞ்சின், உள்ளே நல்ல ஹீட்டர். ஸ்டியரிங் வலப்பக்கம். மற்றது ஏதோ தூதரகத்தில் ஓடிய ஜீப். அதற்கும் நாலு சக்கர இழுவை உண்டு. ஹீட்டர் செத்துப்போயிருந்தது, கூரையில் ஒன்றுமில்லை. ஆனால் ஸ்டியரிங் இடப்பக்கம், அதாவது இந்தச் சாலைக்கு ஏற்ற பக்கம்.

வலப்பக்க ஸ்டியரிங்கோடு வலப்பக்கமே போகிற ஓட்டுநருக்கு முன்னால் போகும் லாரியைத் தாண்டி எதுவும் தெரியாது. அதற்காகவே இடப்பக்கம் ஓர் ஆள் உட்காருவார். சபயா என்பார்கள், நம் ஊர்க் கிளீனர் மாதிரி. எதிரே வண்டி இல்லையென்றால் 'யா தே' என்பார். முந்தலாம் என்று அர்த்தம். அவர் வாயை நம்பித்தான் அத்தனை உயிரும். எங்கள் ஓட்டுநர் கோ ஆங்குக்கு இடப்பக்கக் கண்ணாக இருந்தவர் ஜோசப் அண்ணன். தாத்தா காலத்தில் துறைமுக வேலைக்கு வந்த குடும்பம், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கம்பெனியில் என்னோடு தமிழில் பேசிய ஒரே மனிதர். ஒருமுறை பாகோ சாலையில் வெற்றிலை மடித்துக்கொண்டே 'யா தே' என்றார். எதிரே பேருந்து வந்தது. வயலில் இறங்கித் தப்பினோம். அவர் சிரித்தார், கோ ஆங்கும் சிரித்தார். நான் மட்டும் வண்டியை விட்டு இறங்கி வரப்பில் நின்றேன்.

என் அப்பாவும் இடப்பக்கத்து ஆள்தான். கல் லாரியில் கிளீனர். கதவுக்கு வெளியே பாதி உடம்பு தொங்க, 'ரைட், ரைட்' என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிய குரலோடுதான் வீட்டுக்கு வருவார். என்னைப் படிக்கவைத்தது அந்தத் தொண்டை. ஜோசப் அண்ணனுக்கு இதை ஒருநாள் நானே சொல்லியிருந்தேன்.

எந்த வண்டியை வாங்கப் போகிறேன் என்பது அவர் காதுக்கு எப்படியோ போய்விட்டது. டீக்கடையில் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, அந்த ஜப்பான் வண்டியே சொல்லிடு. கம்பி இருக்கு, ஹீட்டர் இருக்கு. வேற என்னா வேணும்?"

"ஓட்டுறவருக்கு ரோடு தெரியணும்ணே."

"அதுக்குத்தானே நா இருக்கேன்."

அவர் கிளாஸைத் தள்ளி வைத்தார்.

"ஜீப்பு வந்தா எஞ் சீட்டு போச்சு. ஒங்கப்பா சீட்டுல எவனாவது இப்படி கைய வெச்சா நீ படிச்சிருப்பியா, சயா?"

சயா என்றால் வாத்தியார், மேலதிகாரியையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதுவரை அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

மறுநாள் ஊ வின்னிடம் ஜீப்பைத்தான் சொன்னேன். ஹீட்டரைச் சரிபண்ணலாம், கூரையில் கம்பி பற்றவைக்கலாம், வழியில் செத்தவரை எழுப்ப முடியாது என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஜோசப்பைக் கூடாரச் சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றும் கேட்டேன். ஊ வின் அன்போடு சிரித்தார், தலையை ஆட்டினார். நம் ஊரில் முதலாளிக்கு இஷ்டமில்லையென்றால் முகத்துக்கு நேரே கத்துவார். இங்கே சிரிப்பார்கள். சம்மதம் என்று நினைத்து நானே போய் ஜோசப் அண்ணனிடம் வேலை உறுதி என்று சொன்னேன். வார முடிவில் அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு நான் இப்போது பொய்யனும் ஆனேன். பபேடானில் தமிழர் கடைகளில் என் முறை வந்தால் அடுத்த ஆளுக்குப் பொட்டலம் கட்டினார்கள்.

புறப்பட்ட காலையில் அவர் வந்திருந்தார். சறுக்குப் பலகைகளைக் கூரையில் கட்ட கோ ஆங் கூப்பிட்டிருந்தார் போல. முடிச்சுகளை இழுத்துப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினார். மாண்டலே வரைக்கும் நானும் போக வேண்டும். அதற்கு மேல் சாலை வழியே போக வெளிநாட்டவருக்கு அனுமதி இல்லை. "அண்ணே" என்றேன். அவர் கோ ஆங்கிடம் பர்மியில் சொன்னார்: "அந்தக் கலாவ ஏத்திக்கிட்டுக் கெளம்பு."

கலா என்பது இந்த நாட்டில் இந்திய முகம் உள்ளவனை இழிவாகக் கூப்பிடும் சொல். அவரையும் அவர் பிள்ளைகளையும் தெருவில் கூப்பிடுவது அந்தச் சொல்லால்தான்.

கோ ஆங் இடப்பக்கம் ஏறினார். எனக்கு மிஞ்சியது வலப்பக்கம். ஊரில் அது வண்டி ஓட்டுபவரின் இடம். எனக்கு முன்னால் ஸ்டியரிங் இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். நகரம் தாண்டியதும் முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. கோ ஆங் யாரையும் கேட்காமல் தானே எட்டிப் பார்த்து முந்தினார். என் பக்கம் பள்ளமும் வயலும் மட்டும் தெரிந்தன. என் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.