கடல் தின்ற இரண்டடி

நெடுந்தீவின் மேற்குக் கரையில் முருகைக்கல்லும் மண்ணுமாய்க் குவிந்து கிடந்த பழைய கோட்டை மேட்டை அளக்க என்னை ஏன் அனுப்பினார்கள் என்று எங்கள் நில அளவைக் கந்தோரில் ஒருவரும் சொல்லவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் கடற்பயணம் வயிற்றைப் பிரட்டுமாம். எனக்கும் பிரட்டும்தான். அதை வாய்விட்டுச் சொல்லத் துணிவில்லாததே என் தகுதி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அரசாங்க வேலை என்பது சும்மா காரியமல்ல. அந்த வேலையைப் பார்த்துத்தான் எனக்கு ஒரு பெண்ணும் பேசி முற்றாக்கியிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்து ஒருவரும் தரமாட்டார்கள் என்று அம்மாவே தரகரிடம் முன்கூட்டிச் சொல்லிவைத்திருந்தா.

ஆடியில் போனேன். ஆவணி பிறந்ததும் புளியங்கூடலில் எங்கள் வீட்டில் பொன்னுருக்கல். தாலிக்குப் பொன் உருக்குகிற அந்தச் சடங்கு மாப்பிள்ளை இல்லாமல் நடக்காது. பொன்னை இரவல் வாங்கலாம், மாப்பிள்ளையை இரவல் வாங்க ஏலாது.

ஆனால் தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று பிடித்துக்கொண்டது. வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. அது ஒரு பூட்டு. மற்றப் பூட்டு என் மேலதிகாரி. என்னோடு வந்திருந்த அந்தப் பெரியவர் சங்கிலியால் தானே ஒருமுறை அளந்து பார்ப்பார். நான் கீறிய படமும் நிலமும் ஒத்துவந்தால்தான் கையெழுத்து. கையெழுத்து இல்லாமல் தீவை விட்டு நான் போனால் வேலை போய்விடும். வேலை போனால் பெண்ணும் போய்விடும்.

கோட்டைச் சுவர் மூலையிலிருந்து கடலோர விளிம்பு வரை அளந்து, படத்தில் அழகாகக் கோடு கீறி முடிப்பேன். விடிந்து பார்த்தால் விளிம்பைக் காணோம். கடல் தின்றிருக்கும்.

"உம்மட படத்தில இரண்டடி கூடிப்போச்சு," என்பார் பெரியவர்.

"நேற்று அளக்கேக்க இருந்தது ஐயா. இரவு கடல் திண்டுபோட்டுது."

"கடலுக்குக் கந்தோரில சம்பளமில்லைக் காணும். உமக்குத்தான் சம்பளம். திருப்பிக் கீறும்."

திருப்பிக் கீறுவேன். கடல் திருப்பித் தின்னும். நல்ல கூட்டாளிகள் நாங்கள். ஒரே மேட்டை அத்தனை தரம் கீறியவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாய்த்தான் இருப்பேன். கண்ணை மூடினாலும் அந்த விளிம்புதான். பேசிவைத்த பெண்ணின் முகம் மட்டும் மறந்துபோயிற்று.

சங்கிலியின் மற்ற முனையைப் பிடித்தவர் அந்தத் தீவுக்காரர், மாடு வளர்க்கிறவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். "தம்பி, நீங்கள் வந்தாப் பிறகுதான் கடலுக்கு இந்தப் பசி," என்று ஒருநாள் ஆறுதல் சொன்னார்.

கடைசியில் எனக்கு ஒரு புத்தி வந்தது. என் புத்தி வழமையாக வருகிற இடம் அவ்வளவு நல்ல இடமல்ல. எப்படியும் கடல் தின்னத்தானே போகிறது, நாங்களே முந்தினால் என்ன? விளிம்பை இரண்டடி உள்ளே தள்ளிக் கீறிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

அன்றிரவு காற்று விழுந்துபோயிற்று.

விடிய எழும்பிப் பார்த்தால் கடல் குளம்போலக் கிடக்கிறது. விளிம்பு ஒரு மண்கட்டி உதிராமல் அப்படியே நிற்கிறது. அண்ணை ஓடிவந்தார். "தம்பி, மத்தியானம் ஊர்காவற்றுறைக்கு வள்ளம் வெளிக்கிடுதாம். இதை விட்டா எப்பவோ!"

மறுநாள் பொன்னுருக்கல்.

நான் விளிம்புக்குப் போய்க் குதித்தேன். உதைத்தேன். குதிக்காலால் இடித்தேன். ஒருவரும் தொடாமலே நாள்தோறும் சரிந்த கரை, நிலம் அளக்கிற அரசாங்கச் சேவையர் ஏறி மிதித்ததும் கருங்கல்லாகிவிட்டது.

"என்ன தம்பி, கலியாணத்துக்குக் கூத்துப் பழகிறியளோ?" என்றார் அண்ணை. அவருக்குப் பின்னால் பெரியவர் நின்றார்.

சங்கிலியை எடுத்து அளந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு நாளும் உம்மட படத்தில நிலம் கூட. இண்டைக்கு நிலத்தில நிலம் கூட. என்னங்காணும் இது?"

"அது ஐயா... நாளைக்கு வரப்போற கரை."

அவர் மூக்குப்பொடி முடிந்து வெகுநாளாயிற்று. கருவாடும் பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியற் கூழும் அவர் முகத்தையே மாற்றிவிட்டிருந்தன. வள்ளத்தில் பாய்மரம் ஏற்றுகிற சத்தம் கேட்டது. அவர் வள்ளத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பேனையை எடுத்துத் திகதி போட்டார். எட்டிப் பார்த்தேன். மறுநாள் திகதி.

"நாளைக்கு இந்தப் படம் சரியாய் இருக்கும்தானே?"

"காத்து எழும்பினால் இருக்கும் ஐயா."

"சோளகம் எழும்பாமல் எங்க போறது?" என்று கையெழுத்தும் வைத்தார். "ஆனா எழும்பாட்டி, நீரும் நானும் பொய்க்காரர். விளங்குதே?"

பெரியவரோடு வள்ளத்தில் ஏறி, வழி முழுக்கக் கடலுக்குத் தலையை நீட்டிச் சத்தியெடுத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் காலை நகை செய்கிற பத்தர் உமியைப் போட்டு நெருப்பை ஊதினார். எல்லாரும் பொன்னைப் பார்த்தார்கள். நான் வாசலால் வெளியே பனையோலையைப் பார்த்தேன். ஒரு ஓலை அசையவில்லை. பொன் இளகியது, என் நெற்றியில் வியர்வை வழிந்தது.

"பெடியனுக்குப் பெண்ணில விருப்பமில்லையோ?" என்று மாமி ஒருத்தி அம்மாவின் காதைக் கடித்தது எனக்கும் கேட்டது.

அப்போது தெற்கே ஓர் ஓலை சரசரத்தது. பிறகு வளவு முழுக்கச் சரசரத்தது. குத்துவிளக்கின் சுடர் படுத்துவிட, பெண்கள் கைகளை அணையாகப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"விளக்கு நூரப் பாக்குது, நீ பல்லைக் காட்டுறாய்!" என்று அம்மா என் தொடையில் கிள்ளினா.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கடல் இரண்டடி தின்ன இந்தக் காற்றுக் காணுமோ என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.