பட்டியலில் முதலில் நின்ற ப்ராக்ஸி

கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் மெயில் திறக்காது, தடுத்து வைத்திருந்தார்கள். வேலைக்கு மனுப் போடுங்கள், பதில் மெயிலில் வரும் என்று சொன்னதும் அதே கல்லூரிதான். எந்தப் புண்ணியவான் அப்படி முடிவு செய்தாரோ, இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆய்வகப் பொறுப்பாளரிடம் கேட்டேன். "பொண்ணுங்க படிக்கத்தானே வர்றீங்க, மெயிலு எதுக்குமா?" என்றார். அவருடைய கணினியில் கிரிக்கெட் ஸ்கோர் ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்குத்தான் உபதேசம்.

பையன்களுக்குக் கவலையில்லை. காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் இருந்தது. பலகை தடுத்த அந்த அறைகளுக்குள் ஒரு பெண் நுழைந்தால், அவள் வெளியே வருவதற்குள் வீட்டுக்குச் சேதி போய்விடும்.

அந்தக் கோபத்தில்தான் ஒரு புரோகிராம் எழுதினேன். ப்ராக்ஸி என்பது நாம் கேட்கும் பக்கத்தை நமக்குப் பதிலாக வாங்கித் தரும் யாரோ ஒருவருடைய கணினி; ஆய்வகம் தடுத்த பக்கமும் அதன் வழியாகத் திறந்துவிடும். அப்படிப்பட்ட முகவரிகளை இணையத்தில் பட்டியல் பட்டியலாகப் போட்டிருப்பார்கள், பெரும்பாலும் செத்தவை. என் புரோகிராமுக்குப் படமும் கிடையாது, பொத்தானும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் பட்டியல்களைத் திரட்டும், ஒவ்வொரு முகவரியையும் முயன்று பார்க்கும், பத்து வினாடிக்குள் பதில் தராததைத் தள்ளிவிடும். மிஞ்சியதை வேகப்படி வரிசையாக்கித் தரும். முதல்முறை ஏழு தேறின. எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதலில் நின்றதைத் தோழிக்குக் கொடுத்தேன். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் மகள். ஒரு நிறுவனத்தின் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள்; நேர்காணல் தேதி மெயிலில் வர வேண்டும். இரண்டு நாள் திறந்து பார்த்தாள். மூன்றாம் நாள் பாஸ்வேர்ட் செல்லவில்லை. யாரோ மாற்றிவிட்டார்கள். நிறுவனத்துக்குப் போன் போட்டோம். எல்லாருக்கும் மெயில் போகும் என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் வகுப்புப் பையன் ஒருவன் அவளிடம் வந்தான். "நேத்து இன்டர்வியூல உன் பேர ரெண்டு வாட்டி கூப்ட்டாங்கப்பா. நீ ஏன் வர்ல?"

பொறுப்பாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "இதுக்குத்தான்மா மூடி வச்சிருக்கோம்" என்றார், ஏதோ ஜெயித்துவிட்டவர் போல. திறந்து வைத்திருந்தால் நாங்கள் ஏன் சந்துபொந்தில் நுழைகிறோம் என்று கத்திவிட்டு வந்தேன். அதைத் தோழியிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

அவள் கத்தவில்லை. "எங்கப்பா ஜரிகைய கல்லுல உரசிப் பாக்காம ஒரு நாளும் வாங்கமாட்டாரு. நீ இன்னாடி பாத்து எனக்குக் குடுத்த?"

வேகத்தைப் பார்த்துக் கொடுத்தேன். அந்தக் கணினி யாருடையது என்று பார்க்க வழியே இல்லை. அதன் வழியாகப் போகும் பாஸ்வேர்டை அதன் சொந்தக்காரன் படித்துவிடலாம் என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். அதனால்தான் என் மெயிலை அதில் ஒருமுறைகூடத் திறக்கவில்லை. என் மெயிலைச் சென்னையில் இருந்த அண்ணன் திறந்து பார்த்துப் போனில் சொல்வான். அவளுக்குத்தான் சொல்லாமல் விட்டேன்.