பத்துக்கு இரண்டு

எங்கள் சபை உத்திரமேரூர் ஏரிக்குக் கீழே, வயல்களின் ஓரத்தில் இருக்கிறது. சிமெண்ட் ஷீட் போட்ட சிறிய கட்டடம். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்ததும் சாட்சி நேரம். கடவுள் தனக்குச் செய்ததை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். பல வருடங்கள் அதை நடத்தியவன் நான். சபையின் மூப்பர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். என்னை யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள்.

எனக்கு ஒரு வழக்கம் இருந்தது. சாட்சி சொல்ல எழுந்தவர் அழத் தொடங்கினால், ஆண்டவர் ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்டால், உடனே பாட்டு எடுத்துவிடுவேன். எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். நின்றவர் உட்கார்ந்துவிடுவார். நடவு வேலைக்குப் போகும் ஓர் அம்மா, மகனைப் பாம்புக்கடியில் இழந்த வாரம் எழுந்து நின்றார். இரண்டு வார்த்தைகூட அவரைப் பேச விடவில்லை. நான் எடுத்தது கைதட்டிப் பாடும் பாட்டு. முறுமுறுப்பது அவிசுவாசம் என்று அப்போது உறுதியாக நம்பினேன்.

என் மனைவிக்கு மார்பில் வந்த கேன்சர் முதுகெலும்புக்குப் போனபோதும் அப்படித்தான் நம்பினேன். பார்க்க வருகிறவர்கள் அவளிடம்தான் நலம் கேட்பார்கள். "ஸ்தோத்திரம், நல்லா இருக்காங்க" என்று நான் பதில் சொல்வேன். நடவுக்கார அம்மா ஒருநாள் முருங்கைக்கீரை கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னா சார், அவங்களுக்கு வாய் இல்லியா? நோவு அவங்களுக்கா, உங்களுக்கா?" என்று கேட்டார். மனைவி சிரித்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நல்லாத்தான் கீறேன், ஸ்தோத்திரம்" என்றாள்.

ஒரு மதியம் கடைத்தெருவிலிருந்து சீக்கிரம் திரும்பினேன். வீட்டின் பின்பக்கம் அவள் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். துவைக்கிற கல்லில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா ஆண்டவரே, நீயும் காது கேக்காத மாதிரியே கீற? முதுவுல ரம்பம் போட்டு அறுக்குது. நான் உனக்கு இன்னா பண்ணேன், சொல்லு. அவராண்ட சொன்னா பாட்டு எடுத்துடுவாரு. உன்னாண்டதான் சொல்ல முடியும். பதில் சொல்லாட்டியும் போவுது, எழுந்து போவாம கேளு."

ஐம்பது வருடம் ஜெபம் செய்த நான் ஒருமுறைகூடக் கடவுளிடம் அப்படிப் பேசியதில்லை. அவ்வளவு நம்பிக்கை எனக்கு அவர்மேல் இருந்ததில்லை என்பது இன்று புரிகிறது. அன்று கோபம்தான் வந்தது. வாசலுக்குப் போய்ச் செருப்பைச் சத்தமாகக் கழற்றினேன். பேச்சு நின்றது. "வந்துட்டீங்களா? மோர் எடுத்தாரட்டா?" என்றாள்.

அடுத்த வாரம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் சின்ன வயதுப் பெண். "வலி எவ்வளவு இருக்கும்மா? இல்லவே இல்லன்னா பூஜ்யம், தாங்க முடியலன்னா பத்து. நம்பர் சொல்லுங்க, அதுக்கு ஏத்த மாதிரி மருந்து கூட்டிக் கொடுக்கலாம்" என்றார்.

மனைவி டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "ரெண்டு" என்றாள்.

ரம்பம் என்று அவள் சொன்னதைக் காதால் கேட்டவன் நான். "இல்லை டாக்டர்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், ஒளிந்து கேட்டது தெரிந்துவிடும். ஊரெல்லாம் நான் சொல்லிவந்தது பொய்யாகிவிடும். சும்மா இருந்தேன். டாக்டர் பழைய மாத்திரையையே எழுதினார். திரும்பும் பஸ்ஸில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவள் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் இருந்தாள். அடக்கத்தின்போது, வலி என்று ஒரு வார்த்தை சொல்லாத விசுவாசி என்று புகழ்ந்தார்கள். நானும் தலையாட்டினேன். சில நாள் கழித்து அவளுடைய தலையணை உறையைத் துவைக்க எடுத்தேன். ஒரு மூலை முழுவதும் கடித்துக் கடித்து நைந்துபோயிருந்தது.

போன ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்தேன். டாக்டர் கேட்டதையும் அவள் சொன்னதையும் சொன்னேன். "அது உண்மை இல்லை. எனக்குப் பயந்து சொன்னது. எனக்கு அது அப்பவே தெரியும்" என்றபோது குரல் உடைந்தது. பின்னாலிருந்து ஒருவர் பாட்டு எடுத்தார். நான் பழக்கிய அதே பாட்டு. கைகள் தட்டத் தொடங்கின.

"நிறுத்துங்கப்பா! பாட்டு எங்க ஓடிப்போவுது?" நடவுக்கார அம்மாவின் குரல். பாட்டு தேய்ந்து நின்றது. அவர் என் பக்கம் திரும்பி, "சொல்லு சார். ரெண்டு இல்லன்னா எவ்ளோ?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்தவளிடம் அதை நான் கேட்கவே இல்லை. அவர்கள் முன்னால் அதைத்தான் சொன்னேன்.

இப்போது அந்தத் துவைக்கிற கல்லில் நான் உட்காருகிறேன். வாய் பழகிய ஜெபங்கள் வருகின்றன, அவற்றை விழுங்கிவிடுகிறேன். செய்ததை ஆண்டவரிடம் சொல்கிறேன். பதில் ஒன்றும் வருவதில்லை. எழுந்து போகாமல் கேட்பார் என்று அவள் நம்பினாள். அவள் நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் மறுநாளும் வந்து உட்காருகிறேன்.