சாரல் கார்டு

சோழபுரத்திலிருந்து மேற்கே மலையைப் பார்த்து நாலு மைல் போனால் வேங்கைக்குளம். கண்மாய் பெரிது, ஊர் சிறிது. கரையோரமாக ஆறு பங்களாக்கள் இருந்தன. எல்லாம் தூத்துக்குடி, விருதுநகர்க்காரர்கள் கட்டியவை. ஆனி பிறந்து மலையிலிருந்து சாரல் இறங்கியதும் ஆறு குடும்பங்களும் வந்துவிடுவார்கள். ஆவணியில் மூட்டை கட்டுவார்கள். வண்டி ஏறும்போது, "இனி அடுத்த சாரல் வரைக்கும் இங்க என்னதான் செய்வீங்க?" என்று யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன செய்வோம்? சோறு பொங்குவோம், சண்டை போடுவோம், காய்ச்சலில் படுப்போம், பெண் கொடுத்துப் பெண் எடுப்போம். பத்து மாதமும் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதாக அவர்களுக்கு நினைப்பு.

என் பெயர் சமுத்திரம். ஊரில் இருந்த ஒரே கடை என்னுடையது. தபால் பையும் என் கடையில்தான் தொங்கும். இதைச் சொல்லக் காரணம், ஜெயபாய் செய்த காரியத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஜெயபாயின் புருஷன் ஐயாதுரை பங்களாக்களின் காவல்காரன். மலைக்காய்ச்சல் வந்து ஒன்பதாம் நாள் செத்துப்போனான். முதலாளிமார் வேலையை அவளிடமே விட்டார்கள். ஆறு வீட்டையும் கூட்டித் துடைப்பது, கரையானைப் பார்ப்பது, ஓடு மாற்றுவது எல்லாம் அவள் பொறுப்பு. அதோடு இன்னொரு வேலையும் அவளுக்கு இருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்பதால் சாரல் விழுந்த சேதி சொல்லும் சாரல் கார்டு எழுதுவதும் அவள்தான்.

அந்தக் கார்டுக்கு ஒரு முறை இருந்தது. ஒரு நாள் தூறலுக்கெல்லாம் எழுதக்கூடாது. மூன்று நாள் சேர்ந்தாற்போல் விழுந்து மண் நனைந்த பிறகுதான் எழுத வேண்டும். தூத்துக்குடியில் உப்பு வியாபாரம் செய்த ஞானராஜ் முதலாளிக்கு அந்தக் கார்டு போகும். அவர் மற்ற ஐந்து பேருக்கும் சொல்லுவார். அந்த வாரமே ஊர் நிறைந்துவிடும்.

ஐயாதுரை செத்து இரண்டு வருஷத்தில், ஞானராஜின் மனைவி ஜெயபாயின் மகளைக் கேட்டாள். பெயர் அன்னாள், அப்போது ஏழு வயது. "எங்க கைப்பிள்ளைக்குத் துணையா இருக்கட்டும். தையலும் எழுத்தும் நான் சொல்லிக்குடுக்கேன். இந்தக் காய்ச்சல் ஊர்ல வச்சு என்ன செய்யப்போற?" என்றாள். காய்ச்சல் என்ற சொல்லுக்கு முன்னால் ஜெயபாயால் வாய் திறக்க முடியவில்லை. அனுப்பிவிட்டாள். அதன் பிறகு சாரலுக்கு முதலாளி குடும்பம் வரும்போதுதான் மகளைப் பார்ப்பாள். அவர்கள் புறப்படும் அன்று மகளும் புறப்பட்டுப் போவாள். மூன்று வருஷம் இப்படியே போயிற்று.

முப்பத்தாறாம் வருஷம் சாரல் விழவில்லை. ஆனி முடிந்து ஆடி பாதி ஆகியும் மலை வெளுத்துக் கிடந்தது. கண்மாய் நடுவில் ஒரு குட்டைத் தண்ணீர்தான் மிச்சம். படகு சகதியில் சாய்ந்திருந்தது. ஜெயபாய் ஒவ்வொரு நாளும் காலையில் கரையில் போய் நின்று மலையைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள்.

ஒரு நாள் மத்தியானம் கடைக்கு வந்தாள். கார்டு கேட்டாள். கொடுத்தேன். அங்கேயே நின்று எழுதினாள். "சாரல் விழுந்துவிட்டது. வீடுகள் கழுவித் துடைத்தாயிற்று." எழுதியதை நான் படித்தேன். வெளியே வெயிலில் கண் கூசியது.

"என்னம்மா இது?" என்றேன்.

"பையில போடுங்க, அண்ணாச்சி."

"வந்து பாத்தா தெரிஞ்சுபோகுமே."

"தெரியட்டும். பிள்ளையப் பாத்து ஒரு வருசமாச்சு. இந்தத் தடவ விட்டா ரெண்டாயிரும்."

நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. பெண்பாவம் என்று நினைத்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் வந்தால் என் கடை ஓடும் என்ற நினைப்பும் கூட இருந்தது. கார்டைப் பையில் போட்டது என் கை.

ஆறு குடும்பமும் வந்து இறங்கின. அனல் காற்றும் புழுதியும்தான் எதிர்கொண்டன. கைப்பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அன்னாள் ஞானராஜ் வீட்டுப் பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்காமல் மூன்று நாளும் விசிறிக்கொண்டே இருந்தாள். அந்த மூன்று நாளில் ஜெயபாய்க்குக் கிடைத்தது ஒரே ஒரு சாயங்காலம். மகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை பின்னி விட்டாள், அவ்வளவுதான்.

நாலாம் நாள் ஞானராஜின் மனைவி, முதலாளியம்மா, ஜெயபாயைக் கூப்பிட்டுக் கேட்டாள். அப்போது நான் அரிசி கொண்டுபோய் இறக்கிக்கொண்டிருந்தேன்.

"ஜெயபாய், சாரல் என்னைக்கு விழுந்துச்சு?"

"விழலம்மா."

"பொறவு ஏன் எழுதுன?"

ஜெயபாய் தரையைப் பார்த்தாள். காரணத்தைச் சொல்லவில்லை. எனக்கு நாக்கு நுனி வரை வந்தது, நானும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் அவளைப் பிடித்துத் திட்டினேன். "சொல்ல வேண்டியதுதான? பெத்த மனசுன்னா அவிய புரிஞ்சுக்க மாட்டாவளா?"

"அப்படின்னா பிள்ளைய நீயே வச்சுக்கோன்னு விட்டுட்டுப் போயிட்டா? இங்க காய்ச்சல் வந்தா நான் எங்க போவேன்?" என்றாள். அன்று சாயங்காலமே ஆறு வீடும் பூட்டப்பட்டன.

மறு வருஷம் ஆனி மூன்றாம் தேதியே சாரல் பிடித்துக்கொண்டது. மூன்று நாள் அல்ல, பதினோரு நாள் விடாமல் விழுந்தது. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. அந்த மாதிரிச் சாரலை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. ஜெயபாய் கார்டு எழுதினாள். யாரும் வரவில்லை. இரண்டாவது கார்டு எழுதினாள். அதற்குப் பதில் வந்தது: "இந்த வருஷம் குற்றாலத்தில் வீடு எடுத்திருக்கிறோம். பங்களாக்களைக் கவனித்துக்கொள்ளவும்."

ஊர் அவள்மேல் பாய்ந்தது. பால் ஊற்றும் வெள்ளத்தாய், "உன் ஒருத்தி பொய்யினால எங்க எல்லார் வாயிலயும் மண்ணு" என்று என் கடை வாசலிலேயே சொன்னாள். அது நியாயமான கோபம். நான் உள்ளே சீனி நிறுத்துக்கொண்டிருந்தேன். கார்டைப் பையில் போட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை. இன்றுவரை அது எனக்கு வெட்கம்தான்.

ஆடி போய் ஆவணி போயிற்று. புரட்டாசியில் ஒரு நாள் விடியற்காலம் அவள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து, "தூத்துக்குடி போறேன், அண்ணாச்சி. வீடுகளைச் செத்தப் பாத்துக்கோங்க" என்றாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகு ராஜபாளையத்தைத் தாண்டாதவள் அவள். "எதுக்கு? சாரல் நிஜமாவே விழுந்துச்சுன்னு சொல்லவா?" என்று கேட்டேன். அவள் நடந்தாள். ராஜபாளையத்தில் ரயில் ஏறி, விருதுநகரிலும் மணியாச்சியிலும் மாறிப் போயிருக்கிறாள்.

அங்கே நடந்ததைப் பிறகு அவளே சொன்னாள். முதலாளியம்மா முதலில் பயந்துவிட்டாளாம், பங்களாவுக்கு என்ன ஆயிற்றோ என்று.

"எதுக்கு வந்த, ஜெயபாய்?"

"பிள்ளையப் பாக்க வந்தேம்மா."

"இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்த?" என்று கேட்டிருக்கிறாள். பிறகு புரிந்திருக்கிறது. "போன வருசம் அந்தக் கார்டு எழுதுனது இவளுக்காகத்தானா? ஒரு வார்த்த கேட்டிருந்தா வருசத்துல ரெண்டு தடவ அனுப்பியிருப்பேனே. நீ கேக்கவே இல்லியே."

இதை என்னிடம் சொல்லும்போதுதான் ஜெயபாய் அழுதாள். முதலாளியம்மா அவளைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த ஒரு வார்த்தை ஏன் அவள் வாயில் வரவில்லை என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். அவளுக்கு மட்டுமா? அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க எனக்கும் தோன்றவில்லை, ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வருகிறவர்கள் சாரலோடு வருவார்கள், சாரலோடு போவார்கள் என்றே இருந்து பழகிவிட்டோம். பெற்ற பிள்ளையைக்கூட அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டாள். மகளைப் பார்க்க வேண்டுமென்றால் மலையைத்தான் பார்க்க வேண்டும் என்று நின்றாள்.

முதலாளியம்மா ஒரு மாதத்துக்கு மகளை அவளோடு அனுப்பிவைத்தாள்.

அவர்கள் வந்து இறங்கியபோது நான் கடை வாசலில் நின்றிருந்தேன். வெயில் ஏறியிருந்தது. கண்மாய்த் தண்ணீர் கரையைவிட்டு விலகத் தொடங்கியிருந்தது. அன்னாளுக்குப் பதினொரு வயது. தூத்துக்குடி போன பிறகு கையில் பிள்ளை இல்லாமல் அவளை நான் பார்த்தது அன்றுதான், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பூட்டிக் கிடந்த பங்களாக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"யாருமே வரலியாம்மா?" என்றாள்.

ஜெயபாய் மகளின் மூட்டையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"நீ வந்திருக்கல்ல" என்றாள்.