சம்பத் சாரின் இருமல்

எனக்குத் தெரியும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதனால் ஒரு மனிதர் பதினொரு மாதங்கள் குரலிழந்து வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

நான் நர்ஸ். தென்னூரிலிருந்து தினமும் பஸ் ஏறி, ஸ்ரீரங்கத்தில் ஒரு சிறிய கிளினிக்கிற்கு வேலைக்குப் போகிறவள். டாக்டரைப் பார்க்குமுன் நோயாளிகளுக்கு இரத்த அழுத்தம் பார்த்துக் குறித்து வைப்பது என் பொறுப்பு.

சம்பத் சாருக்கு அறுபது வயதிருக்கும். கோயிலில் கூடி நின்று பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் முன்வரிசைக்காரர். அழுத்தம் கூடியிருந்ததால் டாக்டர் புதிதாக ஒரு மாத்திரை எழுதினார். அழுத்தம் அழகாக இறங்கியது. ஆனால் மூன்றாவது வாரமே இருமல்! சளியில்லை, காய்ச்சலில்லை... வெறும் வறட்டு இருமல்.

அந்த வகை மாத்திரை சிலருக்கு அப்படிச் செய்யும். நர்சிங் படிக்கும்போதே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. வேறு வகைக்கு மாற்றினால் போதும். சில வாரங்களில் இருமல் அடங்கிவிடும்.

பிறகு ஏன் சொல்லவில்லை என்கிறீர்களா?

அதற்குச் சில நாட்கள் முன்பு, வேறொரு அம்மாளின் கால்வீக்கம் பிரஷர் மாத்திரையால் இருக்குமோ என்று டாக்டரிடம் கேட்டிருந்தேன். நோயாளிகள் எதிரிலேயே அவர் சொன்னார்: “நீங்க பிரஷர் மட்டும் பாருங்க சிஸ்டர். மருந்தை நான் பாத்துக்கறேன்.” யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குள் தைத்துக்கொண்டது. சரி, அவரே பார்த்துக்கொள்ளட்டும்!

என் வீம்புக்கு விலை கொடுக்கப்போவது டாக்டர் அல்ல என்பது எனக்கு ஏன் உறைக்கவில்லை?

டாக்டர் இருமல் மருந்து எழுதினார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எதுவும் பலிக்கவில்லை. ஒருநாள் நான் அவர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, சம்பத் சார் என்னிடமே கேட்டுவிட்டார்.

“இந்த மாத்திரையாலதான் இருக்குமோ சிஸ்டர்? சேவிக்க வாயைத் திறந்தாலே இருமல் வந்துடறது. என்னால எல்லாருக்கும் தடங்கல். கோஷ்டிக்குப் போறதையே நிறுத்திண்டுட்டேன்.”

‘இருக்கலாம்’ என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது...

“டாக்டரைக் கேளுங்க சார்” என்றேன்.

“அவர் கோச்சுப்பாரோன்னு பயமா இருக்கு.”

நான் எதையோ எழுதுகிறவள்போலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

மார்கழி உற்சவத்தின்போதும் அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். அதற்குப் பிறகு கோடையில், மகளைப் பார்க்கச் சென்னை போன இடத்தில் வேறொரு டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார். இருமல் நின்றுவிட்டது. திரும்பி வந்ததும் என்னிடம் சொல்ல வந்தார்.

“குரல் வந்துடுத்து சிஸ்டர்.” முகத்தில் மகிழ்ச்சியில்லை. “எங்க அண்ணாவும் நானும் கோஷ்டியில முப்பது வருஷம் பக்கத்துல பக்கத்துல நின்னு சேவிச்சோம். போன மாசம் அண்ணா பரமபதிச்சுட்டார். போன மார்கழிதான் அவருக்குக் கடைசின்னு தெரியாமப் போச்சு... நான் பக்கத்துல இல்லை.”

நான் மேஜைமேலிருந்த சீட்டுகளை அடுக்கினேன். அவரே தொடர்ந்தார்.

“நீங்க அன்னிக்கே டாக்டரைக் கேக்கச் சொன்னேள். நான்தான் பயந்துண்டு கேக்கலை. என் தப்புதான்.”

அவருடைய தப்பாம்!

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையாட்டினேன். ஆறுதல் சொல்கிறவளைப்போல!

இப்போது அந்த மாத்திரை வாங்கும் ஒவ்வொருவரிடமும் நானாகவே சொல்கிறேன்: “வறட்டு இருமல் வந்தா உடனே வந்து சொல்லுங்க. நீங்களா நிறுத்திடாதீங்க.” டாக்டர் எதிரிலேயே சொல்கிறேன். அவர் ஒருமுறைகூடத் தடுத்ததில்லை... அதுதான் என்னை இன்னும் குத்துகிறது.

சம்பத் சார் மாதாமாதம் வருகிறார். இன்று சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். போன வாரமும் நினைத்தேன்.

“நூத்தி முப்பது சார். நல்லா இருக்கு” என்றேன்.

கைகூப்பிவிட்டு எழுந்து போனார்.