நீரடைப்பும் நீர்முள்ளிக் கசாயமும்

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலம். கொழும்பு வெள்ளவத்தையில் கல்யாணமாகாத கிளாக்கர்மார் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த சமறி ஒன்றில் நான் இருந்தேன். அங்கே ஒருவனுக்குத் தடிமன் என்றால் அடுத்த மெயில் ரயிலோடு யாழ்ப்பாணம் முழுக்கத் தும்மும். ஆகவே என் சிறுநீர் நூலாக மெலிந்து, பிறகு சொட்டாகிப் போனதை ஒருவருக்கும் சொல்லவில்லை. காரணம் சைக்கிள்தான். காலிக்குப் போகும் வீதியில் வழுக்கி, நடுக்கம்பியில் கவட்டோடு விழுந்த அடி. வெளிக்காயம் ஆறியது, உள்ளே நீர்க்குழாய் தழும்பேறிச் சுருங்கிக்கொண்டு வந்தது. ஆனால் இந்த நீரடைப்பு வருத்தம் என்றாலே அந்த நாளில் ஊர் ஒன்றைத்தான் நினைக்கும்: கூடாத இடத்துக்குப் போனவன். எனக்கோ கொட்டாஞ்சேனைப் பெண்ணொருத்தியோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

டாக்டர் உலோகக் கம்பிகளை மெல்லியதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக விட்டு வழியை அகட்டிப் பார்த்தார். சில வாரம் சுகம், பிறகு பழைய கதை. வெட்டத்தான் வேண்டும் என்றார். கல்யாணம் முடியட்டும் என்று நான் இழுத்தடித்தேன். மாமனாராக வரப்போகிறவர் ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டபோது, கல்லடைப்பு என்று வாயில் வந்ததைச் சொல்லி வைத்தேன். கல்லடைப்பு கௌரவமான நோய்.

அது போதாதா? அடுத்த ஞாயிறு விருந்துக்குப் போனால், சோற்றுக்கு முன்பே ஒரு செம்பு நீர்முள்ளிக் கசாயம் வந்தது. நீரைப் பெருக்கிக் கல்லை இறக்கும் மருந்து. பெண்ணே காய்ச்சியதாம். அவள் கதவுக்குப் பின்னால் நிற்பதும் தெரிந்தது. எப்படி மறுப்பது? முழுவதையும் குடித்தேன். நீர் சேர்ந்தது, இறங்க வழியில்லை. ட்ராமுக்குப் போகும் வழியில் வயிறு கல்லாகி, வீதியோரத்தில் குந்திவிட்டேன். வழியனுப்ப வந்த மாமனார்தான் ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

நீரெடுக்கும் குழாய் உள்ளே ஏறவில்லை. அடிவயிற்றில் ஊசி குத்தி நீரை எடுத்தார்கள். அந்த நிம்மதியை எந்தச் சாமியும் எனக்குத் தந்ததில்லை. மறுநாள் முதுகில் மரக்கச் செய்யும் ஊசி போட்டு, மெல்லிய கத்தியொன்றை நீர்வழியாலேயே செலுத்தித் தழும்பைக் கீறி, ரப்பர் குழாய் வைத்துவிட்டார்கள்.

மாமனார் வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். மகள் சாப்பிடாமல் கிடக்கிறாள் என்றார். தான் காய்ச்சிய கசாயத்தில் ஏதோ பிழையாகி, அதனால் நான் சாகப் பார்த்தேன் என்று அழுகிறாளாம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சைக்கிளையும், தழும்பையும், இனிச் சாகும்வரை இடைக்கிடை கம்பி விடவேண்டி வரும் என்பதையும் சொல்லிவிட்டேன். அவர் எழும்பிச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"எனக்குச் சொன்னது காணாது, தம்பி. நீரே வந்து அவளுக்குச் சொல்லும். கட்டுறதோ விடுறதோ அவள் சொல்லட்டும்."

கல்யாணத்துக்கு முன் பெண்ணோடு தனியே கதைப்பதே வழக்கமில்லை. அதிலும் இப்படியொரு கதை. நடக்க முடிந்ததும் போனேன். நிலத்தைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். ஊர் என்ன பேசும் என்பதையும் மறைக்கவில்லை.

"அப்ப நான் காய்ச்சினதில பிழை இல்லையோ?" என்று அவள் கேட்டாள்.

இல்லை என்றேன்.

"கல்யாணத்துக்கு வைச்ச நாளை மாத்த வேண்டாம் எண்டு ஐயாட்டைச் சொல்லுங்கோ," என்று சொல்லிவிட்டு, ஏதாவது சாப்பிட உள்ளே போனாள்.